நூல் வச்ச தோட்டா

குவைத்
20.09.1979

அஸீஸாவுக்கு,

ஸலாம். நான் சுகம். நீயும் மகள் உம்முவும் சுகமா இருக்க துஆக் கேக்கிறன். இந்தக் கடிதத்த ஆறுதலா இருந்து வாசி. அடுப்பில ஈயத்த வச்சிட்டு வாசிக்காத.

உன்ட மூத்தவர் றஸாக் காக்கா எழுதினது நேத்துக் கிடைச்சிச்சு. முகைதீன்பாவா போடியார்ட வயல் காவல்காரன் சாலிஹ் காட்டுப் பண்டிக்கு வெடி வைக்கக்குள்ள துவக்குக் குழல் கிழிஞ்சி, கையில ரெண்டு விரல் போயிட்டெண்டு இருக்கு. அது நீ அடைச்ச தோட்டாவாம். வெடிமருந்து கூடினதாலதான் குழல் கிழிஞ்சதாம். ஜும்மா முடிய, பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர்ல உன்ட பேரைச் சொல்லி, இனி அந்த வீட்டில ஆரும் தோட்டா அடைக்கக் குடுக்க வேணாமெண்டு அறிவிச்சாங்களாம். வாசிச்சிட்டுச் சோறு இறங்கல்ல புள்ள.

போடியார் சும்மா ஆள் இல்ல. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குத் தலைவர். சவளக்கடை வயல் கண்டத்தில பாதி அவர்ட. அவங்க கேக்கிறது ரெண்டு காரியம்தான். பிழை எங்கட பக்கம் எண்டு ஒரு கடதாசியில ஒப்பம் வைக்கணும். அரசாங்கக் கச்சேரியில உன்ட பேருக்கு எடுத்த வெடிமருந்துப் பெர்மிட்டத் திருப்பிக் குடுக்கணும். அதோட முடிஞ்சிது. பொலிசுக்குப் போக மாட்டாங்க.

வச்சிடு. தறி ரெண்டு இருக்கு, சாறன் நெய்யலாம். சூறாவளி கொண்டு போன கூரைய நான் பாத்துக்கொள்றன். அதுக்குத்தானே இஞ்ச வந்து வெயில்ல கிடக்கிறன். ஊரோட பகைச்சிக்கொண்டு ஒரு பொம்புள எவ்வளவு நாளைக்கு நிக்க ஏலும்?

ஜவுபர்


மருதமுனை
10.10.1979

மச்சானுக்கு,

உங்கட ஸலாத்துக்குப் பதில் ஸலாம். அத நான் மறுக்க ஏலா. மத்த எல்லாத்தையும் மறுக்கிறன்.

ஒப்பம் வைக்க மாட்டன். பெர்மிட்டும் குடுக்க மாட்டன். வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு அந்தப் பெர்மிட்டுக்காக அம்பாறைக் கச்சேரிக்கு ஏழு தரம் பஸ் ஏறினது நான். அந்த ஏழு தரத்தில ஒரு தரமாவது நீங்க கூட வந்தீங்களா? நெசவு இருக்கெண்டு சொன்னீங்க.

சாலிஹ்ட விரல் போனது எனக்குக் கவலை இல்லையெண்டு நினைக்காதீங்க. கேள்விப்பட்ட அண்டே ஆஸ்பத்திரிக்குப் போனன். அவர்ட பொஞ்சாதி சபூறா என்னக் கண்டதும் முகத்தத் திருப்பிக்கொண்டா. நான் கொண்டு போன சோத்துப் பார்சலத் தொடவும் இல்ல. அத நான் பொறுத்தன். வேதனையில இருக்கிறவ. லவுட்ஸ்பீக்கர்ல சொன்னதத்தான் பொறுக்க மாட்டன். என்னட்ட ஒரு வார்த்தை கேக்காம என்ட பேர ஊருக்குள்ள எறிஞ்சவங்களுக்கு நான் என்னத்துக்குத் தலை குனியணும்?

நீங்க பதினோரு வருசம் இந்த வீட்டுக்குள்ள இருந்தும் நான் செய்ற வேலையப் பாத்ததில்லப் போல. அதால எழுதுறன், கேளுங்க. கச்சேரிப் பெர்மிட்டுக்கு வாற மருந்தில ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளக் கடதாசியில வச்சுக் கொழுத்திப் பாப்பன். கடதாசி கருகாம, கறை விடாம ஒரே ஊதலாப் போனாத்தான் அந்த மருந்துக்கு வீட்டில இடம். ஈயத்த உருக்கி ஓட்டைத் தட்டால தண்ணிக்குள்ள சொட்ட விடுவன். ஆறின ஈயக் குண்டு, அந்தச் சன்னத்தச் சரிச்சு வச்ச பலகையில உருட்டுவன். உருண்டை ஒழுங்கா ஓடிக் கீழ சட்டிக்குள்ள விழும், சப்பினது நடுவழியில நிண்டிடும். நிண்டது திரும்பவும் அடுப்புக்கு. காவல்காரர் வெடிச்சுட்டுத் திருப்பித் தாற பித்தளைக் கோது ஒவ்வொண்டையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சு, வெடிப்பு இருக்கோ எண்டு பாப்பன். அடைச்சு முடிய, மேல் மூடிக்குக் கீழ தறியில எடுத்த நீல நூல் ஒண்ட நுனி வெளிய தெரிய வச்சு மெழுகு பூசுவன். எனக்கு ஒப்பம் அந்த நூல்தான். வேற ஒப்பம் எனக்குத் தேவையில்ல.

இப்ப இதையும் கேளுங்க. தோட்டா இருக்கிறது குழலின்ட அடியில, வெடி வைக்கிறவன்ட கன்னத்துக்குப் பக்கத்தில. மருந்து கூடினா அடிதான் கிழியும். கண் போகும், கன்னம் போகும், வலது கை போகும். சாலிஹ்ட முகத்த நான் கிட்ட இருந்து பாத்தன். ஒரு கீறல் இல்ல. போனது இடது கை விரல். நடுக்குழலத் தாங்குற கை. பாண்டிருப்பில துவக்குத் திருத்துற கந்தப்போடியரிட்டயும் போய்க் கேட்டன். நடுவில கிழிஞ்சா தோட்டாவில பிழை இல்ல தங்கச்சி, குழலுக்குள்ள ஏதோ அடைச்சுக் கிடந்திருக்கு எண்டு அவரும் சொன்னார்.

துவக்க ஒருக்காக் காட்டுங்க எண்டு போடியார்ட வாசல்ல போய் நிண்டன். பூட்டி வச்சிருக்காம், பொம்புளைகளுக்குக் காட்டுற சாமான் இல்லையாம். அப்ப நான் கடற்கரையில எல்லாருக்கும் முன்னால என்ட தோட்டாவ வெடிச்சுக் காட்டுறன், நீங்க வந்து பாருங்க எண்டு சொல்லிட்டு வந்தன்.

கூரைக்குக் கிடுகு போட்டாச்சு. ஒழுகுது, ஆனா இருக்கம்.

அஸீஸா


குவைத்
30.10.1979

அஸீஸாவுக்கு,

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். கேம்ப்ல ஆட்டிறைச்சி தாறாங்க. ஒரு அறையில எட்டுப் பேர், எல்லாரும் சந்தோசமாத்தான் இருக்காங்க. நான் கட்டில்ல இருந்து உனக்கு எழுதுறன்.

நீ எழுதினது எல்லாம் சரியா இருக்கலாம். ஆனா நீ சரியா பிழையா எண்டு ஆரும் கேக்கல்ல. அமைதியாப் போகச் சொல்றாங்க. றஸாக் காக்கா அந்த ஒப்பந்தக் கடதாசிய எனக்கே அனுப்பி வச்சார். நான் ஒப்பம் வச்சு இதோட அனுப்புறன். கீழ உன்ட பேருக்கு இடம் விட்டிருக்கு. கோவிக்காத. குடும்பத்து ஆம்புள எண்டு என்னட்டக் கேக்கிறாங்க, நான் என்ன செய்ய?

கடற்கரையில வெடி வைக்கிற கதைய விட்டிடு. பொம்புள துவக்குத் தூக்கினா மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை கேக்கிறவன் ஆர்?

இன்னொரு காரியம். சாலிஹ்ட இடுப்பு வாருல மிச்சத் தோட்டா ஏதும் இருந்தா, எப்படியாவது வாங்கிக் கடலுக்குள்ள போட்டிடு. அத எண்ணவும் வேணாம், பாக்கவும் வேணாம். சும்மா சொல்றன், அது ஒரு வில்லங்கச் சாமான்.

இரவில நித்திரை இல்ல. வெயில் எண்டுதான் நினைக்கிறன்.

ஜவுபர்


மருதமுனை
18.11.1979

மச்சான்,

கடதாசி வந்திச்சு. உங்கட ஒப்பத்தையும் பாத்தன். நல்ல வடிவா வச்சிருக்கீங்க. கலியாணப் பதிவில கூட இவ்வளவு வடிவா வைக்கல்ல.

உங்கட கடிதத்தில அந்த ஒரு இடத்த மட்டும் நாலு தரம் வாசிச்சன். சாலிஹ்ட வாருல மிச்சம் இருக்கோ இல்லையோ எண்டு எனக்கே தெரியா. உங்களுக்கு என்னத்துக்கு அந்த யோசனை வந்த? நீங்க பாக்க வேணாமெண்டதாலதான் பாக்கப் போனன். இல்லாட்டி எனக்கு அந்த நினைவே வந்திருக்காது.

இந்த முறை சபூறா கதவத் திறந்தா. வார் அப்படியே ஆணியில தொங்கிச்சு. மூண்டு தோட்டா இருந்திச்சு. மூண்டிலயும் நூல் இல்ல.

வீட்ட கொண்டு வந்து விளக்குக்குக் கிட்ட வச்சுப் பாத்தன். கோது நம்மட வீட்டில கிடந்த பித்தளை. மூடி நம்மட அட்டை. மெழுகும் நம்மட மெழுகுதான், ஆனா பூசின சுத்து இடப்பக்கமாப் போகுது. நான் பூசினா வலப்பக்கம் போகும், வாப்பாவும் அப்படித்தான். நம்மட வீட்டில இடது கைக்காரர் ஆர் மச்சான்?

வைகாசிக் கடைசியில மூத்தவ ராத்தாட பிள்ளைப்பேறெண்டு நான் ஒலுவிலுக்குப் போய் ஒன்பது நாள் நிண்டன். நான் வந்து ஆறாம் நாள் நீங்க பிளேன் ஏறினீங்க. அந்த ஒன்பது நாளுக்குள்ள என்ட மேசையில கை வச்ச ஆர்? நான் கோட்டுச் சட்டம் கதைக்கல்ல. ஓமா, இல்லையா? ஒரு சொல்லு எழுதுங்க, போதும்.

சோதனைக்குச் சபை சம்மதிச்சிட்டுது. நான் கேட்டு இல்ல. இருபது காவல்காரர் பள்ளிக்குப் போய், பெரும்போக நெல்லுக் கதிர் தள்ளப் போகுது, பண்டி வந்தா நாங்க கையத் தட்டியா வெரட்டுற எண்டு கேட்டிருக்காங்க. மார்கழிக் கடைசி ஞாயிறு எண்டு நாள் வச்சாங்க. நான் பயந்து அதுக்கு முன்ன ஒப்பம் வச்சிடுவன் எண்டு போடியார் நினைக்கிறார். நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க.

உம்மு உங்கள விசாரிக்கிறாள். வாப்பா சுகமா இருக்கார் எண்டு சொன்னன். அது பொய்யா எண்டு தெரியல்ல.

அஸீஸா


குவைத்
05.12.1979

அஸீஸா,

ஓம்.

நீ கேட்ட சொல்லு அதுதான். அத எழுதிட்டு ரெண்டு நாள் பேனையத் தொடல்ல.

நீ ஒலுவில்ல நிண்ட நேரம் சாலிஹ் வந்தான். பண்டி வரம்ப உழுதிட்டுப் போகுது, தோட்டா ஒண்டும் இல்ல, போடியார் ஏசுறார் எண்டு நிண்டான். நீ வரட்டும் எண்டு சொன்னன். பெரிய பள்ளிப் படிப்பா இது, பொஞ்சாதி செய்றது உங்களுக்குத் தெரியாதா எண்டு கேட்டான். எனக்கு ரோசம் வந்திட்டுது. ஆறு அடைச்சுக் குடுத்தன். மருந்து நிறுக்கல்ல, கண்ணால பாத்துப் போட்டன். சன்னத்த உருட்டவும் இல்ல, தட்டில கிடந்தத அப்படியே அள்ளிப் போட்டன். நூல் வைக்கிற விசயம் எனக்குத் தெரியவே தெரியா. நீ அத ஒரு நாளும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல.

றஸாக் காக்காட கடிதம் கண்ட அண்டே எனக்கு விளங்கிட்டுது, அது என்ட கைதான் எண்டு. சொல்ல வாய் வரல்ல. சொன்னாப் பொலிஸ், பாஸ்போட், வேலை, எல்லாம் போயிடும். உன்ட பேரில போனா ஒரு பெர்மிட்டோட போயிடும் எண்டு நினைச்சன். நினைச்சது பிழை. ஆனா நினைச்சன்.

கெஞ்சிக் கேக்கிறன், அந்த மூண்டையும் வெடிக்காத. தொலைஞ்சி போச்செண்டு சொல்லு. உன்ட தோட்டாவ மட்டும் காட்டு, நீ தப்பிடுவாய். அந்த மூண்டு உன்ட கையில வெடிச்சா நான் என்ன செய்வன்? ஊரறிய வெடிச்சாலும் நான் முடிஞ்சன். ரெண்டையும் யோசி.

ஜவுபர்


மருதமுனை
06.01.1980

மச்சானுக்கு,

உங்கட கடிதம் வியாழக்கிழமை வந்திச்சு. சோதனை ஞாயிற்றுக்கிழமை. நடுவில மூணு நாள் நான் எப்படி இருந்தன் எண்டு எழுத மாட்டன். அழுதன் எண்டு மட்டும் வச்சுக்கொள்ளுங்க. பொறகு முகத்தக் கழுவிட்டு ஈயம் உருட்டினன்.

ஞாயிறு விடிய மழை விட்டிருந்திச்சு. கடற்கரையில ஊரே நிண்டிச்சு. தோணிகளுக்கு அங்கால பொம்புளைகள், இஞ்சால ஆம்புளைகள், நடுவில கதிரை போட்டுச் சபைக்காரர். சூறாவளிக்கு விழுந்த தென்னங்குத்தியில பலகையச் சாத்தி, முப்பது கவடு அளந்தாங்க. கந்தப்போடியர் தன்ட துவக்கக் கொண்டு வந்திருந்தார்.

நான் நாப்பது தோட்டாவப் பெட்டியோட வச்சு, நீங்களே அஞ்சு எடுங்க எண்டன். எடுத்தாங்க. துவக்க நான் வாங்கினதும் சபையில ஒருவர் எழும்பி, பொம்புள வெடி வைக்கிறது முறையில்ல எண்டார். அடைக்கிற மட்டும் பொம்புள, வெடிக்கிறதுக்கு ஆம்புளையா, கையில வெடிச்சா என்ட கையில வெடிக்கட்டும் எண்டன். கதிரையில இருந்திட்டார். அஞ்சும் வச்சன். தோள் கண்டிப் போச்சு, ஆனா ஒரு அடி பின்வாங்கல்ல. பலகையில ஒரு தாம்பாளம் அளவு இடத்தில சன்னம் எல்லாம் சேந்து பட்டிருந்திச்சு.

முடிஞ்சுதெண்டு எல்லாரும் எழும்பினாங்க. போடியார்தான் முதல்ல எழும்பினார். நீங்க சொன்னபடி நடந்திருந்தா நானும் அதோட வீட்ட போயிருப்பன், ஊர் என்னத் தூக்கி வச்சிருக்கும். முந்தானையில முடிஞ்சிருந்த மூண்டையும் எடுத்தன்.

இது சாலிஹ்ட வாருல மிஞ்சினது, இதில நூல் இல்ல, இது நான் அடைக்கல்ல, என்ட புருசன் அடைச்சது எண்டு சொன்னன். மச்சான், உங்கட பேர அப்படி ஊருக்கு முன்னால சொல்ல எனக்கு ஆசை எண்டா நினைச்சீங்க? மறைச்சா நானும் போடியாரும் ஒண்டுதான். அதால சொன்னன்.

அந்த மூண்டையும் தோள்ல வச்சு வெடிக்கல்ல, அவ்வளவு விசரி இல்ல நான். துவக்கக் குத்தியோட இறுக்கிக் கட்டி, விசையில கயிறு போட்டு, தோணிக்குப் பின்னால நிண்டு இழுத்தன். பழைய காலத்தில புதுத் துவக்க இப்படித்தான் சோதிப்பாங்களாம், கந்தப்போடியர் சொன்னார். ஒண்டு. ரெண்டு. மூண்டு. குழலுக்கு ஒண்டும் ஆகல்ல. பலகையப் பாத்தா மூண்டு வெடிக்கும் சேத்து ஒன்பது ஓட்டை. மற்றதெல்லாம் மணலுக்கும் கடலுக்கும் போயிருக்கு. ஊர் சிரிச்சிச்சு. நானும் சிரிச்சன், பொய் சொல்ல மாட்டன். உருட்டாத சன்னம் அப்படித்தான், திசைக்கொண்டாப் போகும்.

அப்ப துவக்கு என்னத்தால கிழிஞ்ச எண்டு ஆரோ கேட்டாங்க. அந்த நேரம் சாலிஹ் சனத்துக்குள்ளால வந்தார். கைத்துணிய அவிழ்த்து, எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடிச்சார். அது ரெட்டைக் குழல் துவக்கு, கிழிஞ்சது ஒண்டுதான், மற்றது அப்படியே இருக்கு, கொண்டு வரச் சொல்லுங்க போடியார் எண்டார். போடியாருக்கு முகம் செத்துப் போச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னால மாட்டன் எண்டு சொல்ல ஏலுமா? ஆள் அனுப்பிக் கொண்டு வந்தாங்க.

கந்தப்போடியர் கிழியாத மற்றக் குழலுக்குள்ள கம்பிய விட்டுத் தள்ளினார். ஒரு கை அளவு மண் வந்து விழுந்திச்சு. குளவிக் கூடு. உடைச்சா உள்ளுக்குள்ள காஞ்ச சிலந்திகள்.

சாலிஹ் சொன்னதச் சொன்னபடி எழுதுறன். நோன்பு இருபதோட காவல்காரர் எல்லாரும் கடைசிப் பத்துக்குப் பள்ளிக்குப் போங்க எண்டு போடியார் லீவு தந்தார், துவக்கு பெருநாள் முடியும் மட்டும் வயல் காவல் வாடியில தொங்கிச்சு. திரும்பிப் போனதும் பண்டியக் கண்டன், குழலுக்குள்ள பாக்காமத் தோட்டாவப் போட்டன். பிழை என்ட. கூடு கிடந்தத, ஆஸ்பத்திரியால வந்த அடுத்த நாளே நானும் போடியாரும் கண்டம். துவக்கு என்ட பேரில, பொலிஸ் வந்தா என்னத்தான் கேக்கும், வாய மூடிக்கொண்டா காவல் வேலை உனக்கு எண்டு போடியார் சொன்னார், நான் மூடிக்கொண்டன். இதச் சொல்லிட்டு என்னப் பாத்து மாப்புக் கேட்டார். சபூறா தோணிக்கு அங்கால நிண்டு விக்கி விக்கி அழுதா.

சாலிஹ்ட காவல் வேலை அண்டே போயிட்டு. இப்ப நம்மட வீட்டில பலகையில சன்னம் உருட்டுறது சாலிஹ்தான். அதுக்கு எட்டு விரல் போதும்.

போன வெள்ளி, அதே லவுட்ஸ்பீக்கர்ல, அதே குரலால, என்ட பேரச் சொல்லிப் பிழை இல்லையெண்டு அறிவிக்க வச்சன். வேணாம், சனத்துக்குத் தெரியும்தானே எண்டாங்க. எறிஞ்ச இடத்தில இருந்துதான் எடுக்கணும் எண்டு பள்ளிவாசல் கேட்டடியில உம்முவையும் கூட்டிக்கொண்டு நிண்டன். சொல்லி முடிச்ச பொறகுதான் வீட்ட வந்தன்.

இனி உங்கட விசயம். உங்கட தோட்டா ஆரையும் காயப்படுத்தல்ல. அந்தப் பாரத்த இறக்கி வச்சிட்டு நித்திரை கொள்ளுங்க. ஆனா அது தெரியாமத்தான் நீங்க மூணு மாசம் எனக்கு எழுதினீங்க. தன்ட கை எண்டு நம்பிக்கொண்டு, என்ட தலைய நீட்டச் சொன்னீங்க. சாலிஹ் ரெண்டு விரலையும் வேலையையும் குடுத்து உண்மையச் சொன்னார். உங்கட பாஸ்போட்டுக்கு என்ட பேர வித்தீங்களே மச்சான். எனக்கு அது குளவிக் கூட்டவிடப் பெரிய அடைப்பு. அது இன்னும் உள்ளுக்குள்ளதான் கிடக்கு.

நீங்க ஒப்பம் வச்சு அனுப்பின கடதாசி நல்ல தடிப்பம். வீணாக்க மனம் வரல்ல. வட்டம் வட்டமா வெட்டித் தோட்டாவுக்கு மூடி போட்டன். பதினொண்டு காவல்காரருக்குப் போயிட்டு. பண்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. உங்கட ஒப்பம் விழுந்த வட்டம் ஒண்டு மட்டும் தனியா அடைச்சு, அலுமாரியில குர்ஆன் கிதாபுகளுக்குக் கீழ்த் தட்டில வச்சிருக்கன்.

வீடு என்ட பேரில இருக்கு, கதவு உங்களுக்குப் பூட்டல்ல. ஆனா லீவில வந்தா நேர வீட்ட வர வேணாம். முதல்ல கடற்கரைக்கு வாங்க. நான் சபையையும் சாலிஹையும் கூப்பிட்டு வைக்கிறன். நீங்க செய்ததையும் எழுதினதையும் உங்கட வாயால சொல்லிட்டு, அந்த ஒரு தோட்டாவ உங்கட தோள்ல வச்சு நீங்களே வெடிக்கணும். பொறகு சேந்து வீட்ட போவம்.

மருந்து நிறுத்துத்தான் போட்டிருக்கன். நூலும் வச்சிருக்கன். பயப்படாம வாங்க.

அஸீஸா